இறுகிப்போன திருகு பேனா: எண்ணெய்க்கு முன் பார்க்க வேண்டியவை

கையால் கடைந்த திருகு பேனா, அதாவது உடலைத் திருகினால் ரீஃபில் வெளியே வரும் பேனா, இறுகிப்போனால் பெரும்பாலோர் முதலில் தேடுவது எண்ணெய். தையல் இயந்திர எண்ணெய், கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரே, எதுவும் கிடைக்காவிட்டால் சமையலறைத் தேங்காய் எண்ணெய். இரண்டு சொட்டு விட்டதும் பேனா வழுக்கிக்கொண்டு திரும்பும். சரியாகிவிட்டது என்று சட்டைப்பையில் செருகிவிடுவார்கள். சில நாள் கழித்து மேல்பாதி மட்டும் தனியாகச் சுற்றும், ரீஃபில் வெளியே வராது. இல்லையென்றால் பழையபடி இறுகும், முன்பைவிட மோசமாக.

இறுக்கம் பெரும்பாலும் ரீஃபிலை முன்னும் பின்னும் நகர்த்தும் மெக்கானிசத்துக்குள் இருப்பதே இல்லை. அதைச் சுற்றியிருக்கும் மரம், பசை, நடுவளையம், ரீஃபில் ஆகியவற்றில் ஏதோ ஒன்று எங்கேயோ உரசுகிறது. அந்த இடம் எது என்று தெரியாமல் விடும் எண்ணெய் உரசலைச் சில நாள் மறைக்கும், அதோடு பேனாவைப் பிடித்துவைத்திருக்கும் பிடிமானத்தையும் தளர்த்திவிடும். அதனால் முதல் வேலை, உரசும் இடத்தைக் கண்டுபிடிப்பது. அதற்கு ஐந்து நிமிடமும் இரண்டு கைகளும் போதும்.

சிங்கப்பூரில் இப்படிப்பட்ட பேனாக்கள் இப்போது நிறையவே புழங்குகின்றன. ஆசிரியர் தினத்துக்கும் பணி ஓய்வு விழாவுக்கும் மழைமரம், அங்சானா, தேக்கு, ரப்பர் மரம் என்று கடைந்து கொடுக்கிறார்கள். ஆசையாகக் கொடுத்த பேனா திரும்ப மறுக்கிறது என்று வாங்கியவர் கொடுத்தவரிடம் சொல்வதில்லை. அது மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. அங்கிருந்து அதை வெளியே எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பேனாவின் உள்ளமைப்பு. கையால் கடையும் திருகு பேனாக்களில் மிகப் பரவலானது ஸ்லிம்லைன் வகை. 7 மி.மீ. பித்தளைக் குழாய்கள் இரண்டு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 53 மி.மீ. நீளம். மரக்கட்டையில் 7 மி.மீ. துளை போட்டு, குழாயை சூப்பர் குளூவோ எபாக்சியோ கொண்டு ஒட்டி, லேத்தில் கடைவார்கள். கீழ்ப்பாதியின் ஒரு முனையில் கூம்பு வடிவ முனைத்துண்டு அழுத்திப் பொருத்தப்படும். மறுமுனையில் மெக்கானிசத்தின் பித்தளைப் பகுதி அழுத்தப்படும். மெக்கானிசத்தின் மேல்பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நடுவளையத்தை அதில் மாட்டி, மேல்பாதியை அதன்மீது தள்ளினால் பேனா முடிந்தது. மேல்பாதிக்குப் பசையும் இல்லை, மரையும் இல்லை. வெறும் பிடிமானத்தில் நிற்கிறது. எண்ணெய் போய்ச் சேர்ந்து கெடுப்பது இந்தப் பிடிமானத்தைத்தான்.

மெக்கானிசத்துக்குள் சுருள்வடிவக் காடி வெட்டிய ஓர் உறை இருக்கும். ரீஃபிலைத் தாங்கும் துண்டில் ஒரு சிறு முளை. மேல்பாதியைத் திருப்பினால் முளை அந்தக் காடியில் ஓடி ரீஃபிலை முன்னே தள்ளும், திருப்பித் திருகினால் பின்னே இழுக்கும். உள்ளே இருப்பது அவ்வளவுதான். இன்னும் பேனாவுக்குள் போகாத புது மெக்கானிசம் ஒன்றைக் கையில் எடுத்து, இரண்டு விரலால் திருப்பிப் பாருங்கள். எந்த முயற்சியும் இல்லாமல் திரும்ப வேண்டும். பேனாவுக்குள் போன பிறகு இறுகினால், போகும் வழியில் நாம் அதற்கு ஏதோ செய்திருக்கிறோம் என்று அர்த்தம்.

இரண்டு கட்டச் சோதனை

பேனாவை மூடிய நிலைக்குத் திருப்புங்கள், அதாவது ரீஃபில் உள்ளே இருக்க வேண்டும். ஒரு கையில் கீழ்ப்பாதி, மறு கையில் மேல்பாதி. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பிடி நழுவாது. நேர்க்கோட்டில் இழுங்கள், லேசாகத் திருகிக்கொண்டே. பக்கவாட்டில் வளைக்கவே கூடாது. வளைத்தால் மெக்கானிசத்தின் கழுத்து கோணும், இல்லாத பழுது ஒன்று புதிதாக வந்து சேரும்.

மேல்பாதி கழன்றதும், வெளியே நிற்கும் மெக்கானிசத்தின் மேல்பகுதியை விரலால் திருப்புங்கள். இப்போது இலகுவாகத் திரும்பினால் மெக்கானிசத்தில் குற்றமில்லை. மேல்பாதியும் நடுவளையமும் சந்திக்கும் இடத்தில்தான் உரசல். 

இன்னும் இறுக்கமாக இருந்தால் ரீஃபிலைக் கழற்றுங்கள். ஸ்லிம்லைனில் போடும் கிராஸ் வகை ரீஃபில் மெக்கானிசத்தின் மேல்முனை வழியாக நுழைந்து அதில் மரையால் மாட்டியிருக்கும். மெக்கானிசத்தின் மேல்முனையில் தெரியும் ரீஃபிலின் தலையைப் பிடித்து இடப்பக்கமாகச் சுழற்றினால் மரை விடும். பிறகு ரீஃபிலை மேல்வழியாகவே உருவி எடுத்துவிடலாம். ரீஃபில் வெளியே வந்த பிறகு மெக்கானிசம் இலகுவானால் பழுது ரீஃபிலிலோ முனைத்துளையிலோ இருக்கிறது. அதற்குப் பிறகும் இறுக்கம் மாறாவிட்டால்தான் மெக்கானிசத்தையும் அது உட்கார்ந்திருக்கும் குழாயையும் சந்தேகிக்க வேண்டும்.

கைக்குத் தெரியும் உணர்வும் துப்புக் கொடுக்கும். மணலில் இழுப்பதுபோல் நறநறத்தால் உள்ளே பசைத் துகளோ அழுக்கோ இருக்கிறது. ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் பிடித்து, அடுத்த இடத்தில் விட்டால் முகப்பு சதுரமாக இல்லை, அல்லது மெக்கானிசம் கோணலாக அழுந்தியிருக்கிறது. தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீராகக் கனத்தால் முகப்பு முழுவதும் அழுந்தி உரசுகிறது. கடைசிக் கட்டத்தில் மட்டும் முரண்டு பிடித்தால் ரீஃபிலைப் பாருங்கள்.

நடுவளையம் உரசும்போது

பார்த்த வரையில் அதிகம் வருவது இந்தப் பழுதுதான். சரிசெய்ய எளிதானதும் இதுவே. மேல்பாதியைக் கடைசி வரை அழுத்தித் தள்ளும்போது, அதன் முகப்பு நடுவளையத்தின்மீதும் நடுவளையம் கீழ்ப்பாதியின்மீதும் இறுக உட்கார்ந்துவிடுகிறது. திருப்பும் ஒவ்வொரு முறையும் மரமும் உலோகமும் அரைபடுகின்றன. நடுவளையத்தைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உரசல் இருந்தால் வளையத்தின் தட்டையான பக்கத்தில் மெல்லிய வட்டக் கீறல்கள் இருக்கும், சில இடங்களில் முலாம் மங்கியிருக்கும். அந்தக் கீறல் முழு வட்டமாக இருக்கிறதா, கால் வட்டம் மட்டும்தானா என்பதைக் கவனியுங்கள். முழு வட்டம் என்றால் இடைவெளி போதவில்லை. கால் வட்டம் என்றால் முகப்பு சாய்ந்திருக்கிறது.

இடைவெளி மட்டும் போதவில்லை என்றால் மருந்து ஒரு துண்டுக் காகிதம். சாதாரண 80 கிராம் அச்சுத் தாள் 0.1 மி.மீ. தடிமன் இருக்கும். அதை ஓர் அங்குல அகலத்துக்கு வெட்டி, நடுவில் மெக்கானிசம் நுழையும் அளவுக்கு 'ப' வடிவத்தில் வெட்டு கொடுங்கள். நடுவளையத்துக்கும் மேல்பாதிக்கும் இடையில் அதை வைத்து, மேல்பாதியைத் தாளில் முட்டும் வரை தள்ளுங்கள். பிறகு தாளை உருவிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளி பேனா சுழலப் போதும். அதற்குமேல் வேண்டாம். இரண்டு மூன்று தாள் வைத்தால் நடுவளையம் ஆடி, எழுதும்போது கிலுகிலுக்கும்.

முகப்பு சாய்ந்திருந்தால் காகிதம் உதவாது, முகப்பைச் சதுரமாக்க வேண்டும். நிரந்தர மையுள்ள மார்க்கரால் மரத்தின் முகப்பைச் சுற்றி முழுதும் மை பூசுங்கள். காய்ந்ததும் பேனாவை இணைத்து, பத்துப் பதினைந்து முறை திருப்பி, மறுபடி கழற்றிப் பாருங்கள். மை அழிந்த இடம்தான் மேடு. ஊகிக்கத் தேவையே இல்லை, பேனாவே காட்டிக்கொடுக்கும்.

அந்த மேட்டைக் கையால் தேய்த்துச் சரிசெய்ய முயல்வது பெரும்பாலும் வீண். கை தானாகவே சாயும், ஒரு பக்க மேடு மறுபக்கத்துக்குப் போகும். கடைசல்காரர்களிடம் பித்தளைக் குழாயின் முனையைச் சீவும் டிரிம்மர் இருக்கும். அதன் 7 மி.மீ. குழாய்க்கான வழிகாட்டித் தண்டில், 400 கிரிட் உப்புத்தாளை வட்டமாக வெட்டி ஒட்டிய ஒரு தட்டையை மாட்டிக்கொள்ளலாம். தண்டு குழாய்க்குள் நேராக நிற்பதால் தாள் குழாய்க்குச் செங்குத்தாகவே தேய்க்கும். டிரில்லில் மாட்டக் கூடாது, விரலால் திருப்பினால் போதும். நான்கைந்து சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி மார்க்கர் சோதனை செய்யுங்கள். மை முகப்பு முழுதும் ஒரே மாதிரி அழிந்தால் நிறுத்திவிடலாம். ஏற்கெனவே மெருகு ஏறிய பேனாவில் கூர்மையாக வெட்டும் டிரிம்மர் தலையைப் போட்டால் சூப்பர் குளூ மெருகு விளிம்பில் செதில்செதிலாகப் பெயர்ந்துவிடும். உப்புத்தாள்தான் பாதுகாப்பு.

இந்த மேடு எங்கிருந்து வருகிறது என்றும் சொல்ல வேண்டும். பாதிக்குப் பாதி மெருகால் வருகிறது. சூப்பர் குளூவைப் பல அடுக்காகப் பூசும்போது அது குழாயின் முனையில் வழிந்து சேர்ந்து, கண்ணாடிபோல் ஒரு உதடு கட்டும். கடைந்து முடித்ததும் அதைச் சீவாமல் இணைத்துவிடுகிறார்கள். பேனா கடைபவர்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டிய ஒரே ஒரு கூடுதல் வேலை இருக்குமானால், என் கருத்தில் அது மெருகுக்குப் பிறகு நான்கு முகப்புகளையும் மறுபடி ஒருமுறை சதுரம் பார்ப்பதுதான்.

இன்னொரு காரணம் நம் ஊர்க் காற்று. சிங்கப்பூரில் விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். அந்தப் பேனா பகல் முழுதும் குளிர்சாதன அலுவலகத்தில் இருந்து, இரவு சன்னல் திறந்த வீவக அடுக்குமாடி வீட்டில் கிடக்கும். மரம் நார் ஓடும் திசையில் ஈரத்தால் நீள்வது மிகமிகக் குறைவு. ஆகவே நார் பேனாவின் நீளத்தோடு ஓடினால் கவலையில்லை. ஆனால் அழகுக்காக மரத்தைக் குறுக்காகவோ மூலைவாட்டிலோ அறுத்துக் கடைந்த பேனாக்களில் மரத்தின் அகலம் பேனாவின் நீளமாகிவிடுகிறது. அப்போது ஈரம் ஏறினால் முகப்பு பித்தளைக் குழாயின் விளிம்பைத் தாண்டி லேசாக வெளியே எழும். நாம் விட்ட இடைவெளியே தாள் தடிமன்தான் என்பதால் அந்தச் சிறு எழுச்சியே பேனாவை இறுக்கிவிடும். மழைக்காலத்தில் இறுகி, அலுவலகத்தில் இலகுவாகும் பேனா என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். முகப்பைச் சதுரமாக்கிய பிறகு, மெல்லிய சூப்பர் குளூவைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு மரத்தின் முகப்பில் மட்டும் ஒரு பூச்சு கொடுத்து, முழுதும் காயவிட்டு, 600 கிரிட்டில் தட்டையாக்குங்கள். ஈரம் நுழையும் வாசல் அடைபடும். இந்த வேலையை மெக்கானிசம் மாட்டிய கீழ்ப்பாதியில் செய்யக் கூடாது. மெல்லிய பசை நூலளவு இடுக்கிலும் ஓடிப் புகும், மெக்கானிசம் அந்தக் கணமே கல்லாகிவிடும்.

பசையும் நசுங்கிய குழாயும்

ரீஃபிலைக் கழற்றிய பிறகும் இறுக்கம் போகவில்லை என்றால் மெக்கானிசம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வருகிறோம். அழுத்துவதற்கு முன் இலகுவாகத் திரும்பியது, அழுத்தியதும் இறுகியது என்றால் காரணம் மூன்றில் ஒன்று. குழாயின் உட்சுவரில் காய்ந்த பசைக்கட்டி மெக்கானிசத்தின் பித்தளைச் சுவரை உள்நோக்கி நசுக்குகிறது. அல்லது, குழாயை வெட்டியபோது விளிம்பில் எழுந்த பிசிறு அதே வேலையைச் செய்கிறது. அல்லது, மெக்கானிசம் சாய்வாக அழுந்தியிருக்கிறது. அந்தப் பித்தளைச் சுவர் மெல்லியது. வெளியிலிருந்து சிறிது அழுந்தினாலும் உள்ளே ஓடும் துண்டைக் கவ்விக்கொள்ளும்.

வெளியே எடுத்தால்தான் வழி. எடுக்கத் தொடங்கும்போதே, அந்த மெக்கானிசம் திரும்பப் பயன்படாது என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். சில சமயம் பிழைக்கும், ஆனால் அதை நம்பி வேலை செய்யக் கூடாது. ஸ்லிம்லைன் மெக்கானிசம் தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கிறது. பேனா கடைபவர்கள் கைவசம் சிலவற்றை வைத்திருப்பார்கள். மரத்தை மீண்டும் கடைய முடியாது, மெக்கானிசத்தை மாற்றலாம். எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் குழப்பமே வேண்டாம்.

ரீஃபிலை ஏற்கெனவே வெளியே எடுத்திருப்பீர்கள். மெக்கானிசத்தை மூடிய நிலைக்குத் திருப்புங்கள். அப்போது ரீஃபில் தாங்கும் துண்டு பின்கோடியில் முட்டி நிற்கும், பிறகு சுத்தியலால் தட்ட நேர்ந்தால் அந்த அடி நேராக மெக்கானிசத்தின் உடலில் இறங்கும். தோல் துண்டு சுற்றிய பிளையரால் மெக்கானிசத்தின் வெளிப்பகுதியைப் பிடித்து, மரப்பாதியை ரப்பர் கையுறைக் கையால் பிடித்து, திருகிக்கொண்டே நேராக இழுப்பது முதல் வழி. பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால், ரீஃபிலை மறுபடி மரையில் மாட்டி, முனைத்துண்டின் துளை வழியாக அதன் நுனியில் முட்டும்படி 2 மி.மீ. எஃகுத் தண்டு ஒன்றை நுழைத்து, சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்ட வேண்டும். ரீஃபிலும் இதில் வீணாகும், அதையும் கணக்கில் வையுங்கள். மெக்கானிசம் விழ இடம் விட்டு, மரத்தின் விளிம்பைத் துணி சுற்றிய பிவிசி குழாயின் வாயில் தாங்குங்கள். பலமாக ஒரு அடியைவிடச் சிறிய பத்து அடி நல்லது. இரவில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், கீழ்வீட்டுக்காரர்களுக்கு ஒவ்வொரு தட்டும் கேட்கும்.

மெக்கானிசம் பசையில் ஒட்டியிருந்து அசைய மறுத்தால் சூடு தேவை. சாலிடரிங் இரும்பின் நுனியை மெக்கானிசத்தின் உலோகத்தில் மட்டும் அரை நிமிடம் வைத்து, மறுபடி திருகிப் பாருங்கள். எபாக்சியும் சூப்பர் குளூவும் சூட்டில் பிடி தளரும். ஆனால் மரத்தைக் குழாயோடு சேர்த்துப் பிடித்திருப்பதும் அதே பசைதான். அதனால் சூட்டை நீட்டிக்காதீர்கள், இடையிடையே ஆறவிடுங்கள். நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் அசிட்டோன் சூப்பர் குளூவைக் கரைக்கும் என்பது உண்மையே. அது பேனாவின் மெருகையும் அக்ரிலிக்கையும் சேர்த்தே கரைக்கும். முடிந்த பேனாவின் பக்கத்தில் அந்தப் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம்.

வெளியே வந்த மெக்கானிசத்தைத் திருப்பிப் பாருங்கள். இப்போது இலகுவாக இருந்தால் குற்றம் குழாயில். இன்னும் இறுக்கம் என்றால் பித்தளை நசுங்கிவிட்டது, தூக்கிப்போடுங்கள். இரண்டில் எதுவானாலும் குழாயைச் சுத்தம் செய்தாக வேண்டும். சன்னலுக்கு நேரே குழாயைப் பிடித்து உள்ளே பாருங்கள். சுத்தமான பித்தளை மஞ்சளாக ஒரே சீராக மின்னும். பசை இருந்தால் பழுப்பாகவோ வெள்ளைப் பூஞ்சாணம் படர்ந்ததுபோலவோ திட்டுத் தெரியும். குழாய்க்குள் தளர்வாக நுழையும் உருண்டை அரத்தாலோ, 6 மி.மீ.க்குச் சற்றுக் குறைந்த டிரில் பிட்டைக் கையால் மட்டும் திருப்பியோ அதைச் சுரண்டி எடுங்கள். பித்தளையைத் தேய்க்கக் கூடாது, பசையை மட்டும். குழாய் அகலமாகிவிட்டால் புது மெக்கானிசம் பிடிமானமில்லாமல் ஆடும். கடைசியாக, விளிம்பின் உட்புறத்தில் பேனாக்கத்தியைச் சாய்த்துப் பிடித்து ஒரு சுற்று சுற்றினால் பிசிறு போய்விடும்.

இத்தனை தொல்லையும் தொடக்கத்திலேயே தவிர்க்கக்கூடியது. குழாயை மரத்தில் ஒட்டும்போது, அதன் வாயை உருளைக்கிழங்குத் துண்டில் ஒரு குத்துக் குத்தி அடைத்துக்கொண்டால் பசை உள்ளே போகாது. பசை இறுகியதும் தண்டால் தள்ளினால் கிழங்கு வெளியே வந்துவிடும். விளையாட்டுக் களிமண்ணும் மெழுகும் இதற்கு உதவும்.

புது மெக்கானிசத்தை அழுத்த வைஸும் வேண்டாம், சுத்தியலும் வேண்டாம். ஒரு எஃப் கிளாம்ப், இரண்டு தட்டையான மரத்துண்டு. முனைத்துண்டு ஒரு மரத்திலும் மெக்கானிசத்தின் மேல்முனை மற்றதிலும் முட்ட, மிக மெதுவாக இறுக்குங்கள். முதல் இரண்டு மில்லிமீட்டர்தான் முக்கியம். அங்கேயே நிறுத்தி, பேனாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, மெக்கானிசம் எந்தப் பக்கமும் சாயவில்லை என்று உறுதிசெய்யுங்கள். சாய்ந்திருந்தால் வெளியே எடுத்து மறுபடி தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. பாதி போன பிறகு நேராக்க முயன்றால் பித்தளை மடங்கும்.

எவ்வளவு ஆழம் என்பதை மெக்கானிசத்தின் மேலிருக்கும் கோடு காட்டும். ஆனால் அதைக் கண்மூடித்தனமாக நம்பாதீர்கள். கடையும்போது குழாய் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகச் சீவப்பட்டிருந்தால், கோடு வரை அழுத்தினால் ரீஃபில் மூடிய நிலையிலும் வெளியே எட்டிப்பார்க்கும். கோட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்தி, திறந்த நிலையில் ரீஃபிலை மாட்டிப் பாருங்கள். திறந்தால் நுனி 2 முதல் 3 மி.மீ. நீட்ட வேண்டும், மூடினால் முழுதும் மறைய வேண்டும். போதவில்லை என்றால் அரை மில்லிமீட்டர் அழுத்தி மறுபடி பாருங்கள். ஆழம் கூடிவிட்டால் இழுப்பது பெரும்பாடு, குறைந்தால் அழுத்துவது சுலபம்.

ரீஃபிலின் குற்றம்

இரண்டாம் கட்டத்தில் பிடிபட்ட பேனாவுக்கு வருவோம். கிராஸ் வகை ரீஃபிலின் மரை பிளாஸ்டிக். கோணலாக நுழைத்து இறுக்கினால் மரை அழிந்து, ரீஃபில் சாய்வாக நிற்கும். சாய்ந்த ரீஃபிலின் நுனி முனைத்துளையின் ஒரு பக்கச் சுவரில் உரசும். அது மெக்கானிசம் இறுகியதுபோலவே கைக்குத் தெரியும். நுனிக்குச் சற்று மேலே ஒரு பக்கத்தில் மட்டும் பளபளப்பான கோடு விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். புது ரீஃபிலை முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள், மரை சந்திக்கும் இடத்தில் லேசாக ஒரு 'டக்' தெரியும். அதன்பிறகு வலப்பக்கம் திருப்பினால் நேராக ஏறும். எதிர்ப்பு வந்தால் நிறுத்தி மறுபடி தொடங்குங்கள்.

வேறு வேறு தயாரிப்பாளர்களின் ரீஃபில்களின் விட்டத்தில் சிறு வேறுபாடு உண்டு. முஸ்தபாவிலோ பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் எழுதுபொருள் கடைகளிலோ ரீஃபில் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் நீளத்தையும் தடிமனையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

பார்க்கர் வகை ரீஃபில் போடும் தடித்த பேனாக்களில் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் உண்டு. அதனால் அவை இயல்பாகவே சற்றுக் கனமாகத் திரும்பும், அதைப் பழுதாக நினைக்க வேண்டாம். இந்த ரீஃபில் 98 மி.மீ. நீளம், ஜி2 என்பது அதன் அளவுப் பெயர். பைலட் ஜி2 பேனாவின் ரீஃபில் வேறு அளவு, இதில் சேராது. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் மாற்றி வாங்கிவிடுகிறார்கள். திறக்கும்போது கடைசிக் கட்டத்தில் மட்டும் இறுகினால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். வேறு பேனாவிலிருந்து எடுத்த நீளமான ஸ்பிரிங்காக இருந்தால், சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி அதற்குமேல் அமுங்காது.

வியர்வையும் பச்சைக் களிம்பும்

பல ஆண்டு நன்றாக ஓடி, பிறகு மெல்ல மெல்ல இறுகும் பேனா வேறு வகை. நம் ஊர் வெயிலில் கை எப்போதும் ஈரம். வியர்வையின் உப்பு நடுவளையத்தின் இடுக்கில் புகுந்து, முலாம் தேய்ந்த இடத்தில் பித்தளையைப் பிடிக்கும். மேல்பாதியைக் கழற்றினால் மெக்கானிசத்தின் கழுத்தைச் சுற்றிப் பச்சையாக ஒரு களிம்பு தெரியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடும். ரீஃபில் கசிந்து ஒட்டிய மையையும் அதே ஆல்கஹால் எடுக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: பேனாவுக்கு அரக்கு கலந்த பாலிஷ் போட்டிருந்தால் ஆல்கஹால் பட்ட இடம் வெளுத்துவிடும். மரத்துக்கு டேப் சுற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் வழவழப்புக்கு ஏதாவது போடும் பேச்சு. என் தேர்வு சிலிகான் கிரீஸ். நீருக்கடியில் மூழ்குபவர்கள் ரப்பர் வளையங்களுக்குப் பூசும் வகையே போதும், ஜாலான் புசார் பக்கத்து வன்பொருள் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். பல்குத்தியின் நுனியில் கடுகளவு எடுத்து, மெக்கானிசத்தின் இரண்டு பகுதிகள் சந்திக்கும் கோட்டில் தொட்டு வையுங்கள். இருபது முப்பது முறை திறந்து மூடுங்கள். வெளியே பிதுங்கியதை உலர்ந்த துணியால் ஒரு துளி விடாமல் துடைத்துவிடுங்கள், ஏனென்றால் மேல்பாதி பிடித்து நிற்கும் பரப்பு பக்கத்திலேயே இருக்கிறது. கெட்டியாக இருப்பதால் கிரீஸ் வைத்த இடத்தில் நிற்கும். தையல் எண்ணெய் நிற்காது, இடுக்கு வழியே ஏறி அந்தப் பரப்புக்குப் போய்விடும். சமையல் எண்ணெய்கள் காற்றுப் பட்டு நாளடைவில் பிசினாகும். தேங்காய் எண்ணெய்க்கு இன்னொரு குணம், 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். வீட்டில் இலகுவாகத் திரும்பும் பேனா குளிர்சாதன அறையில் இறுகுவதற்கு யாரோ முன்பு விட்ட தேங்காய் எண்ணெயே காரணமாக இருக்கலாம்.

ஏற்கெனவே எண்ணெய் ஏறி மேல்பாதி வழுக்குகிறது என்றால், மெக்கானிசத்தின் மேல்பரப்பையும் குழாயின் உட்பக்கத்தையும் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அப்படியும் பிடி போதாவிட்டால் குழாயின் உட்சுவரில் நிறமில்லாத நகப்பூச்சை மெல்லியதாக ஒரு கோடு இழுத்து, ஓர் இரவு முழுதும் காயவைத்துப் பிறகு தள்ளுங்கள். ஈரமான பசை எதையும் அங்கே வைக்காதீர்கள். மேல்பாதி இறங்கும்போது அது பசையைக் கீழே வழித்துக்கொண்டு வந்து மெக்கானிசத்தின் சந்தில் சேர்த்துவிடும். அதோடு, அடுத்த முறை ரீஃபில் மாற்றக் கழற்றவும் முடியாது.

மேல்பாதியைத் தள்ளுவதற்கு முன் கடைசியாக மரத்தின் நாரைப் பாருங்கள். இரண்டு பாதியும் ஒரே கட்டையிலிருந்து வந்தவை என்றால் கோடுகள் ஒன்றோடொன்று சேரும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது மூடியிருக்கும்போது சேர வேண்டுமா, எழுதும்போது சேர வேண்டுமா என்பதை இப்போதே முடிவுசெய்ய வேண்டும். எழுதும்போதுதான் என்பது என் கட்சி, பேனாவை நாம் நெடுநேரம் பார்ப்பது அப்போதுதான். ரீஃபிலை வெளியே நீட்டி வைத்து, கோடுகளைச் சேர்த்து, நடுவளையத்தின்மேல் காகிதத் துண்டை வைத்து, நேராகத் தள்ளுங்கள்.